மிஞ்சும் சோலார் மின்சாரத்தில் வெந்நீர்: வாசகர் கேள்வி – பதில்

கூரையில் சோலார் பேனல் போட்ட வாசகர்கள் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தை வெந்நீராக மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா, அது லாபமா? பதில்களுக்குப் போகுமுன் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி 860ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்பது வந்துவிடும். 25 லிட்டர் கெய்சரில் 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.93 யூனிட். கீழே உள்ள எல்லாப் பதில்களும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் (இ.பி. லைனோடு இணைத்த) சோலார் இருக்கிறது. நாளுக்கு 12 யூனிட் வருகிறது. பகலில் 4 யூனிட்தான் செலவு, மீதி 8 வெளியே போய்விடுகிறது. மிஞ்சுவதைக் கெய்சருக்குத் திருப்பிவிடும் 'டைவர்ட்டர்' என்ற கருவியை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்களுக்கு நெட் மீட்டர் (கொடுப்பதையும் எடுப்பதையும் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) இருந்தால் வாங்க வேண்டாம். வெளியே போகும் 8 யூனிட்டும் மிச்சம் அல்ல. இரவில் விளக்கு, ஃபேன், ஏ.சி. என்று நாளுக்கு 5 யூனிட் இ.பி.யிலிருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் போடும்போது அந்த 5ஐ இந்த 8லிருந்து கழித்துவிடுவார்கள். உண்மையில் மிஞ்சுவது நாளுக்கு 3 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 180 யூனிட். அதுவும் உடனே வீணாவதில்லை, அடுத்த பில்லுக்கு வரவாகப் போய்ச் சேர்கிறது.

இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒன்று தெரியவரும். நெட் மீட்டர் வீட்டில் கெய்சரை நடுப்பகலில் போட்டாலும் விடிகாலை ஆறு மணிக்குப் போட்டாலும் பில்லில் ஒரே கணக்குதான். பகலில் கொடுத்த யூனிட்டைக் காலையில் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள். பகலிலேயே சூடாக்கி வைத்தால் இரவு முழுக்கத் தொட்டி ஆறுவதில் கொஞ்சம் நஷ்டம்கூட. பல்லாயிரம் ரூபாய்க் கருவிக்கு அங்கே வேலையே இல்லை.

மிச்சத்தை வெந்நீராக்குவதால் பலன் கிடைக்கும் இடங்கள் வேறு. வெளியே அனுப்பவே கூடாது என்று இன்வெர்ட்டரில் 'ஜீரோ எக்ஸ்போர்ட்' வைத்திருப்பவர்கள் முதல் வகை. அங்கே வீடு கேட்காத மின்சாரத்தைப் பேனல் உற்பத்தி செய்யாமலே விட்டுவிடும். நெட் ஃபீட்-இன் முறையில் இணைத்தவர்கள் அடுத்த வகை. கொடுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கும் யூனிட்டுக்கு அதைவிடக் கூடிய விலை என்றால், வீட்டிலேயே செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் அந்த வித்தியாசம் லாபம். பேட்டரி மட்டும் வைத்து இ.பி.க்கு எதுவும் கொடுக்காதவர்களும் இதில் சேர்த்தி.

உங்கள் 180 யூனிட்டுக்கு வருவோம். ஓராண்டு பில்களை எடுத்துப் பாருங்கள். வரவு யூனிட் ஏறிக்கொண்டே போகிறதா, கோடையில் ஏ.சி. அதைத் தின்று தீர்த்துவிடுகிறதா? தீர்ந்துவிடுகிறது என்றால் உங்களிடம் மிச்சமே இல்லை. அப்போது இதை மறந்துவிடலாம். ஏறிக்கொண்டே போகிறது என்றால் ஆண்டு முடிவில் அந்த வரவை என்ன செய்வார்கள் என்று ஒப்பந்தத் தாளில் பாருங்கள். கேஸில் வெந்நீர் வைக்கும் வீடாக இருந்தால் அந்த வரவை அங்கே திருப்புவதுதான் நல்ல வழி. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. அடுப்பில் அதில் ஆறு பங்கு தண்ணீரில் சேர்ந்தால் நான்கு பங்கு காற்றில் போய்விடும். ஆக ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 110 யூனிட். வெந்நீருக்காக இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் போகிற வீட்டில், மிஞ்சும் 180 யூனிட் அதை முழுதாக ஈடுகட்டிவிடும். மிச்ச மின்சாரம் இன்னொரு செலவை நிறுத்தும்போதுதான் அதற்கு மதிப்பு.

கேள்வி: எங்களுடையது ஜீரோ எக்ஸ்போர்ட். 25 லிட்டர், 2 கிலோவாட் கெய்சர். நடுப்பகலில் சூடாக்கினால் மறுநாள் காலைக் குளியலுக்குச் சூடு இருக்குமா? எந்த டைமர் வாங்குவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இருக்கும். எவ்வளவு என்பதைக் கெய்சரின் நட்சத்திர லேபிளே சொல்லும். சூடாக்கி வைத்த தொட்டி 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வெப்பத்தை இழக்கும் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண் வெளிக்காற்றைவிடத் தண்ணீர் 45 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும் நிலைக்கானது. அது 0.5 என்று வைத்துக்கொண்டால், பகல் ஒரு மணிக்கு 60 டிகிரியில் இருந்த தண்ணீர் மறுநாள் காலை ஆறு மணிக்கு 52 டிகிரி அளவில் இருக்கும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்கு விளாவினால் கணக்குப்படி 50 லிட்டர். வெந்நீர் எடுக்க எடுக்கத் தொட்டிக்குள் குளிர்ந்த தண்ணீர் புகுந்து கலப்பதால் முழுதாக வராது. 20 லிட்டர் வாளியில் இரண்டு வாளி உறுதி. நான்கு பேர் குளிக்கும் வீட்டுக்கு 50 லிட்டர் தொட்டி வேண்டும். பழைய கெய்சர், லேபிளில் பெரிய எண் என்றால் காலையில் வெதுவெதுப்புதான் மிஞ்சும். அதற்கு மாலைக் குளியல்தான் சரி.

25 லிட்டரைச் சூடாக்க 2 கிலோவாட்டுக்கு அரை மணி நேரம் போதும். 12 மணிக்கு ஆன், 1 மணிக்கு ஆஃப் என்று வையுங்கள். சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் தானே நிறுத்திவிடும். ஜீரோ எக்ஸ்போர்ட்டில் பேனலின் அந்த நேரத்து உற்பத்தியைவிட வீட்டுச் செலவு கூடினால் பற்றாக்குறை இ.பி.யிலிருந்து வந்துவிடும். தெளிந்த வெயிலில் 3 கிலோவாட் பேனல் நடுப்பகலில் 2.2 முதல் 2.4 கிலோவாட் வரைதான் தரும். ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடும்போது ஒரே ஒரு கெய்சருக்குத்தான் இடம். இரண்டு கெய்சர் உள்ள வீட்டில் ஒன்றை 11.30க்கும் மற்றதை 12.30க்கும் வையுங்கள். அந்த நேரத்தில் மோட்டார் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2 கிலோவாட் என்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். கடையில் மலிவாகக் கிடைக்கும் 10 ஆம்பியர் வைஃபை பிளக் கெய்சருக்கு ஆகாது. அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் உள்ளே ரிலே ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் உருகும். 16 ஆம்பியர் பிளக், அல்லது மெயின் போர்டில் எம்.சி.பி. (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்திலேயே பொருத்தும் டைமரும் காண்டாக்டரும் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) போடுங்கள். குளியலறை ஈரத்தில் டைமரை வைக்க வேண்டாம்.

கேள்வி: டைவர்ட்டர் மாட்டினோம். மாட்டிய பிறகு பில் கூடிவிட்டது! கருவியில் கோளாறா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கருவியைவிட அதன் சி.டி. கிளாம்ப் மேல்தான் முதல் சந்தேகம். டைவர்ட்டர் செய்வது இதுதான்: மீட்டருக்குப் பக்கத்தில் வயரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப், மின்சாரம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா, எவ்வளவு என்று அளக்கும். வெளியே போகும் அளவுக்கு மட்டும் கெய்சருக்கு விடும். 700 வாட் மிஞ்சினால் 700 வாட், மேகம் வந்து 200 ஆனால் 200. கிளாம்ப் தப்பாக இருந்தால் முழுக் கருவியும் தப்பாக நடக்கும்.

கிளாம்ப் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது திரும்பியிருந்தால் உள்ளே வருவதைக் கருவி வெளியே போவதாக எண்ணும். இரவில் ஃபேன் ஓடினால் "அடேங்கப்பா, மிச்சம்" என்று கெய்சரைப் போடும். கெய்சர் போட்டதும் "மிச்சம்" இன்னும் கூடும், முழு 2 கிலோவாட்டுக்குப் போய் நிற்கும். உங்கள் பில் கூடியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொரு தவறு, கிளாம்பை இன்வெர்ட்டரிலிருந்து வரும் வயரில் மாட்டிவிடுவது. அப்போது அது உற்பத்தியை அளக்கிறதே தவிர மிச்சத்தை அளக்கவில்லை. வீட்டில் மிக்ஸியும் ஏ.சி.யும் ஓடினாலும் பேனல் தருவதையெல்லாம் கெய்சருக்கு விடும், பற்றாக்குறையை இ.பி. நிரப்பும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரே கிளாம்புக்குள் விட்டாலோ ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எப்போதும் பூஜ்யம் காட்டும், கெய்சர் சூடே ஆகாது.

சரியான இடம்: மீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் ஃபேஸ் வயர் மட்டும். இன்வெர்ட்டர் இணையும் புள்ளியும் வீட்டின் எல்லா லோடும் கிளாம்புக்கு வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம். சூரியன் சாய்ந்த பிறகு இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். கருவி 'இம்போர்ட்' என்று ஆயிரம் வாட் அளவில் காட்ட வேண்டும், கெய்சருக்குப் பூஜ்யம் போக வேண்டும். அதன்பின் 50 முதல் 100 வாட் வரை வெளியே போகட்டும் என்று ஒரு விளிம்பு வைத்துவிட்டால் மேகம் வந்துபோகும் நேரத்தில் இ.பி.யிலிருந்து இழுக்காது. ஜீரோ எக்ஸ்போர்ட் வீட்டில் இந்த முறை அப்படியே வேலை செய்யாது. அங்கே வெளியே எதுவும் போகாததால் கிளாம்புக்கு மிச்சமே தெரியாது. அந்த வகைக்கு டைமர்தான் நம்பகமானது.

இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள கெய்சராக இருந்தால் டைவர்ட்டரை உடனே கழற்றிவிடுங்கள். டைவர்ட்டர் தருவது வெட்டப்பட்ட மின் அலை, அது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைச் சாகடிக்கும். சாதாரணத் திருகு தெர்மோஸ்டாட் உள்ள கெய்சர்தான் இதற்கு ஏற்றது. அடுத்து, கருவிக்குள் மின்சாரத்தை வெட்டித் தரும் பாகமான ட்ரையாக் 9 ஆம்பியரில் 10 வாட் அளவுக்குச் சூட்டை வெளிவிடும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் ஒருநாள் கருகி ஷார்ட் ஆகிவிடும். ட்ரையாக் ஷார்ட் ஆனால் கெய்சர் இரவு பகலாக முழு மின்சாரத்தில் இருக்கும், தெர்மோஸ்டாட் மட்டுமே காப்பு. அதனால் கெய்சரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டையும் தெர்மல் கட்-அவுட்டையும் எக்காரணம் கொண்டும் பைபாஸ் செய்யக் கூடாது.

கேள்வி: எங்கள் மிச்சம் 1 கிலோவாட்தான். 2 கிலோவாட் கெய்சருக்கு ஒரு டயோடு போட்டுப் பாதியாக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாதியாகும், ஆனால் வேண்டாம். டயோடு போட்டால் அலையின் ஒரு பாதி மட்டும் ஓடி, ஒருபக்கமான டி.சி. கூறு வீட்டு லைனில் சேரும். அது மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.யின் காந்தத்தை மந்தமாக்கி, ஷாக் அடிக்கும் நேரத்தில் விழவிடாமல் செய்யக்கூடும். குளிக்கும் இடத்தில் இந்த ஆபத்து ஏற்கத்தக்கதே அல்ல. அதற்குப் பதிலாக உங்கள் கெய்சரின் ஃபிளாஞ்சுக்கு (காயிலைப் பிடித்திருக்கும் தட்டு) பொருந்தும் 1000 வாட் காயில் வாங்கி மாற்றுங்கள். 25 லிட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும், பகலில் அதில் என்ன அவசரம்? காயில் மாற்றும் அன்றே எர்த் வயரையும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நெட் மீட்டர்தான். ஆனால் நல்ல வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் 'ஓவர் வோல்டேஜ்' என்று காட்டி நின்றுவிடுகிறது. லைனின் கடைசி வீடு எங்களுடையது.
– ஒரு வாசகர், தேனி

பதில்: நெட் மீட்டர் வீட்டில் கெய்சரைப் பகலில் போடுவது உண்மையாகவே பயன்படும் இடம் இது. மின்சாரத்தை வெளியே தள்ள இன்வெர்ட்டர் லைன் வோல்டேஜைவிடச் சற்று மேலே ஏற வேண்டும். வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த ஏற்றம் அதிகம். 40 மீட்டர் தூரம் 4 சதுர மி.மீ. அலுமினிய வயர் என்றால் 10 ஆம்பியர் வெளியே போகும்போது அந்த வயரில் மட்டும் ஐந்தரை வோல்ட் ஏறும். லைனே 248ல் இருந்தால் இன்வெர்ட்டர் 253ஐத் தாண்டிக் கழன்றுகொள்ளும். அந்த நேரத்து உற்பத்தி முழுக்க நஷ்டம்.

11.30 முதல் 1.30 வரை 2 கிலோவாட் கெய்சர், வாஷிங் மெஷின், மோட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் வெளியே போகும் ஆம்பியர் குறைந்து, ஏற்றமும் குறையும். 250 வோல்ட் இருக்கும்போது 2 கிலோவாட் காயில் 2.36 கிலோவாட் இழுக்கும், எம்.சி.பி.யும் வயரும் அதற்குத் தாங்க வேண்டும். ஆனால் இது தற்காலிக வழிதான். இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் இடையே தடித்த காப்பர் வயர் போடுங்கள். பகல் வோல்டேஜைக் குறித்துக்கொண்டு இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். இன்வெர்ட்டரின் வோல்டேஜ் வரம்பை உயர்த்திக்கொள்ளச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு டி.வி.யும் ஃபிரிட்ஜும் அதே வோல்டேஜில்தான் இருக்கின்றன.

கேள்வி: 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியோடு சின்ன சோலார். பதினொரு மணிக்கே பேட்டரி நிறைந்து, அதற்குப்பின் வெயில் வீண். கெய்சர் போட முடியுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 2 கிலோவாட் கெய்சரை நினைக்கவே வேண்டாம். 12 வோல்ட்டில் அது 165 ஆம்பியருக்கு மேல். உங்கள் பேட்டரியில் இருப்பதே சுமார் 1.8 யூனிட்தான், அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். பேனலின் மிச்சத்தைவிடக் குறைந்த வாட் உள்ள காயில் போடுவதே வழி. 500 வாட் பேனலுக்கு 300 வாட் காயில். பேட்டரி வோல்டேஜைப் பார்த்து இயங்கும் ரிலே ஒன்றை வைத்து, 14.2 வோல்ட்டில் ஆன், 13.2ல் ஆஃப் என்று அமைக்கலாம். 300 வாட் மூன்று மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், 25 லிட்டர் தொட்டிக்கு அது போதும்.

கேள்வி: இன்வெர்ட்டரே இல்லாமல் இரண்டு 540 வாட் பேனலை நேராகக் கெய்சரில் இணைத்தால் என்ன?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தெர்மோஸ்டாட் எரியும். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தெர்மோஸ்டாட் காண்டாக்ட் பிரியும்போது வரும் தீப்பொறி தானே அணைந்துவிடும். டி.சி. அப்படி அணையாது. பொறி நின்று எரிந்து காண்டாக்டை ஒட்டவைத்துவிடும், பிறகு தண்ணீர் கொதித்தாலும் கரண்ட் நிற்காது. போதாக்குறைக்கு லாபமும் இல்லை. 2 கிலோவாட் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 26 ஓம். இரண்டு பேனலைச் சீரீஸில் கொடுத்தாலும் 350 வாட் அளவுதான் இறங்கும், மூன்றில் இரண்டு பங்கு வீண். இந்தப் பேனல்களுக்குப் பொருந்துவது 6 ஓம் காயிலும், டி.சி.க்கென்றே செய்த சுவிட்சும். அதைத் தெரிந்தவர் செய்து தந்தாலொழியத் தொட வேண்டாம்.

கேள்வி: ஊட்டியில் வீடு. 100 லிட்டர் வெந்நீர் வேண்டும். சோலார் டியூப் ஹீட்டரா, கூடுதல் பேனலா?
– ஒரு வாசகி, உதகை

பதில்: உங்கள் ஊரில் தண்ணீர் 14 டிகிரியில் வரும் நாளில் 100 லிட்டரை 60க்கு ஏற்ற 5.3 யூனிட் வேண்டும். சமவெளியில் 3.7 போதும். ஏற்கெனவே பேனல் மிஞ்சவில்லை என்றால் வெந்நீருக்காகப் பேனல் சேர்ப்பது சரியில்லை. அதே கூரை இடத்தில் டியூப் ஹீட்டர் இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். உறைபனிக்கும் தட்டைக் கலெக்டரைவிட வெற்றிடக் கண்ணாடி டியூப் தாங்கும். மழை மாதங்களுக்கு மட்டும் மின்காயில் துணை வேண்டும்.

பேனல் மிஞ்சுகிறது என்றால் ஹீட் பம்ப் பாருங்கள். காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதால் ஒரு யூனிட்டுக்குச் சமவெளியில் மூன்று யூனிட் வெப்பம் தரும். குளிர்ந்த காற்றில் அது குறையும், அதனால் உங்கள் ஊரில் அதை நடுப்பகலில் ஓட்டுவது இரட்டை லாபம். டைமர் போடலாம், டைவர்ட்டர் கூடவே கூடாது. கம்ப்ரஸருக்கு வெட்டிய மின்சாரம் கொடுத்தால் மோட்டார் எரிந்துவிடும்.

கேள்வி: பகலில் சூடாக்கத் தொடங்கியதிலிருந்து கெய்சர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. எங்களுடையது போர் தண்ணீர்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சூடாகும் நேரத்தில் மட்டும் சில சொட்டு என்றால் அது வால்வின் வேலை. தண்ணீர் விரிந்து ஏறும் அழுத்தத்தை வெளியே விடுகிறது. அதை அடைத்துவிடாதீர்கள், ஒரு சிறு குழாய் வைத்துத் தரைக்கு விடுங்கள். நாள் முழுக்கச் சொட்டினால் வால்வில் உப்பு ஏறியிருக்கிறது, மாற்றுங்கள்.

போர் தண்ணீரில் 60 டிகிரிக்கு மேல் போகப் போக உப்பு வேகமாகப் படியும். அதிகம் சேமிக்கலாமே என்று 75க்கு வைத்தால் காயில் வெள்ளைக் கவசம் போட்டுக்கொண்டு வெடிக்கும். 60லேயே நிறுத்துங்கள். அதற்குக் கீழேயும் இறக்க வேண்டாம், வெதுவெதுப்பாக நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து காயிலைச் சுரண்டி, தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடு பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வெந்நீர் வரும் குழாய் வெள்ளை யு.பி.வி.சி. என்றால் அதையும் சி.பி.வி.சி.யாக மாற்றுங்கள், யு.பி.வி.சி. 60 டிகிரியில் இளகிவிடும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் மிக்ஸர் குழாய் இல்லாமல் நேராக வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிக்க விடாதீர்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.